தராசு இல்லாத வீடு

ஜனவரி 22

மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மறியல் செய்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போன வாரம் நீ தொலைபேசியில் பேசியதில் பாதிகூட எனக்குப் பிடிபடவில்லை. 'எடை' என்று இரண்டு முறை காதில் விழுந்தது. பிறகு நீ அழுதாய் என்று நினைக்கிறேன். வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம். என் காது இந்த நிலைக்கு வந்துவிட்டதால் இனி நமக்குக் கடிதம்தான் சரி. மாப்பிள்ளை அட்டையில் எழுதிய பிறகே விவரம் புரிந்தது: பிறந்தபோது 2,900 கிராம், பதினாறாம் நாளில் 2,740.

நான் டாக்டர் இல்லை. முப்பத்து நான்கு வருடம் கடைக்காரர்களின் தராசைச் சோதித்து முத்திரை வைத்தவன். அளக்காத பொருளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பது ஒன்றுதான் முத்திரை ஆய்வாளருக்குத் தெரியும். அதனால் ஒரு மின்னணுத் தராசு வாங்கி, என் பழைய எடைக்கற்களை வைத்து மூன்று முறை சோதித்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இருபது இருபது கிராமாகக் காட்டும். தினமும் காலையில், பால் கொடுப்பதற்கு முன்னால், துணியில்லாமல் நிறுத்து எழுது. நான் சொல்வது தவறென்று பட்டால் கிளினிக் நர்ஸம்மா சொல்வதையே கேள்.

அப்பா

*

பிப்ரவரி 3

அப்பாவுக்கு,

இங்கே மூவரும் இருக்கிறோம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது கொடுத்ததாக எழுதிவிடுகிறீர்களா?

தராசு வந்தது. பெட்டியைப் பிரித்தபோது சிரிப்பு வந்தது. ஊரிலுள்ள தராசையெல்லாம் சோதித்த மனிதர் வீட்டில் ஒரு தராசு இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் மாவு அளக்கக் கேட்டேன். "இந்த வீட்டுக்குள்ள எது வேணா வரலாம், அது மட்டும் வரக்கூடாது" என்றாள் அம்மா. இப்போது என் வீட்டுக்கு வந்துவிட்டது.

இன்று 2,880. ஐந்து வாரத்தில் பிறந்த எடையைக்கூட எட்டவில்லை. இவர் அவளுக்குக் 'குண்டு' என்று பெயர் வைத்திருக்கிறார். வேடிக்கைக்குத்தான். நாளை மறுநாள் பாலம் கட்டும் வேலைக்குக் கிளம்புகிறார். பாலம் முடியும்வரை வெல்டர்களுக்கு விடுப்பு இல்லையாம். இரண்டு மாதம் ஆகும்.

ஒருவேளைக்கு எவ்வளவு குடிக்கிறாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாட்டிலில் கோடு போட்டிருக்கும். என் உடம்பில் கோடு இல்லையே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் குழந்தையாக இருந்தபோது எப்படி ஏறினேன்? அம்மாவுக்குப் பால் போதுமானதாக இருந்ததா? கேட்பதற்கு இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

மகள்

*

பிப்ரவரி 10

மகளுக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். (ஒருநாள் விட்டு ஒருநாள்.) மாப்பிள்ளை போய்ச் சேர்ந்ததற்குத் தகவல் வந்ததா? தனியாக இருக்கிறாய், கதவைச் சரியாகப் பூட்டு.

நீ கேட்ட கேள்விக்கு எங்கள் தொழிலில் விடை இருக்கிறது. சரக்கைப் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழிப்போம். அதேபோலப் பால் கொடுப்பதற்கு முன் குழந்தையை நிறு. கொடுத்த பிறகு அதே துணியோடு மறுபடி நிறு. வித்தியாசம்தான் அவள் குடித்த பால். நாளுக்கு எட்டுக் கட்டமாகத் தாள்களில் கோடு போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி அனுப்பினால் நான் இங்கே வரைபடமாகப் போட்டுப் பார்ப்பேன். அங்கே வந்து உனக்கு ஒத்தாசையாக இருக்க எனக்குத் தெம்பில்லை. கோடு போடத் தெம்பிருக்கிறது.

உன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பழைய கதை. பிறகு எழுதுகிறேன்.

அப்பா

*

பிப்ரவரி 20

அப்பாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தாள்கள் இத்துடன் உள்ளன.

இருபது. நாற்பது. இருபது. பூஜ்யம். இருபது. நேற்றுக் காலை முக்கால் மணி நேரம் குடித்தாள். தாடை அசைந்தது. கை விரல்கள் மெல்ல விரிந்தன. வயிறு நிறைந்தால் அப்படித்தான் விரியும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். நிம்மதியாகத் தராசில் வைத்தேன். பூஜ்யம். எடுத்து மறுபடி வைத்தேன். அதே எண். அப்படியென்றால் அந்த முக்கால் மணி நேரம் நான் அவளுக்கு எதைக் கொடுத்தேன்?

தைத்த சட்டையைக் கொடுக்கக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா மேலே வந்தார். "ஏம்மா, இது புள்ளையா, பொம்மையா? பால் இருக்கா உனக்கு? இல்ல சும்மா வாயில வச்சு ஏமாத்துறியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி நிறுத்தேன்.

நர்ஸம்மா, "தினமும் நிறுக்காத. வாரத்துக்கு ஒரு தடவை இங்க கொண்டுவா, நான் பாத்துக்கறேன்" என்றார். "எங்க அப்பா அனுப்பின தராசு" என்றேன். "ஏன், உங்கப்பாவா பால் குடிக்கிறாரு?" என்று கேட்டார். கூடவே பால்மாவும் கொடுக்கலாம் என்றார். இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று 3,020. சில கட்டங்களை நிரப்பவில்லை. எழுதக் கை வரவில்லை.

நான் குழந்தையாக இருந்தபோது எப்படி என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.

மகள்

*

பிப்ரவரி 27

மகளுக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தையல்கார அம்மாள் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய எண்களை வரைந்து பார்த்தேன். இந்த வயதில் நாளுக்குச் சுமார் முப்பது கிராம் ஏற வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சிவப்புக் கோடாகப் போட்டிருக்கிறேன். நம் குழந்தையின் கோடு நீலம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். கண்ணில் படும் இடத்தில் ஒட்டிக்கொள்.

பதினேழு கட்டங்கள் காலியாக உள்ளன. கட்டம் காலியாக இருந்தால் கோடு எங்கே இறங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. உன் சிரமம் எனக்குத் தெரியும். ஆனாலும் இனி ஒரு கட்டம்கூட விடாமல் எழுதினால் நல்லது. கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. அப்படித் தோன்றினால் பொருட்படுத்தாதே.

மற்ற விஷயத்தைச் சாவகாசமாக எழுதுகிறேன்.

அப்பா

*

மார்ச் 9

அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு கட்டமும் விடவில்லை. குழந்தை இப்போது நன்றாகக் குடிக்கிறாள்.

பிப்ரவரி 25: 3,170
மார்ச் 1: 3,290
மார்ச் 5: 3,410
மார்ச் 9: 3,530

சிவப்புக் கோட்டை அப்படியே பிடித்துவிட்டாள் பார்த்தீர்களா? இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இவருக்கும் எழுதிவிட்டேன். வேலை அதிகம், அதனால் அடுத்த கடிதம் தாமதமாகலாம்.

மகள்

*

மார்ச் 26
விரைவுத் தபால்

மாப்பிள்ளைக்கு,

சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உயரத்தில் நின்று வேலை செய்பவர். இடுப்புப் பட்டையை மறக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அடுத்த வீட்டுக்காரரை விட்டுத் தொலைபேசியில் பேசச் சொல்லியிருக்கலாம். என் மகளைப் பற்றிய இந்த விஷயத்தை வேறொருவர் வாயில் கொடுக்க மனம் வரவில்லை. பயணச்சீட்டு வாங்கும் இடம்வரை போனேன். வரிசையில் நின்றேன். அவள் முகத்தைப் பார்த்து என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவள் மார்ச் ஒன்பதாம் தேதி எழுதிய எடைகள் பொய். நான் அனுப்பிய தராசு இருபது இருபதாகத்தான் தாவும். 3,160 காட்டும், 3,180 காட்டும். 3,170 என்று அதற்குக் காட்டவே தெரியாது. அவள் எழுதிய நான்கு எண்களும் அந்தத் தராசில் வர முடியாத எண்கள். அதோடு நாளுக்குச் சரியாக முப்பது கிராம் ஏற்றியிருக்கிறாள். எந்தக் குழந்தையும் அப்படிச் சீராக ஏறாது. பொய்ப் பதிவேடுதான் அப்படி ஏறும். முப்பத்து நான்கு வருடம் நான் பார்த்தது அதைத்தான்.

கடிதம் பதினான்காம் தேதியே கிடைத்தது. படித்த உடனே தெரிந்துவிட்டது. என் புத்தியில்தான் கோளாறோ, தராசு பழுதாகிவிட்டதோ என்று எனக்கு நானே பன்னிரண்டு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் குழந்தை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

எந்த வேலையானாலும் விட்டுவிட்டுப் போங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

மாமனார்

*

ஏப்ரல் 4

மாமாவுக்கு,

மருத்துவமனை நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குழந்தை இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மேஸ்திரியிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினேன். கதவைத் திறந்தவள், "ஏன் வந்தீங்க?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கினேன். என் வெல்டிங் முகமூடி இதைவிடக் கனம் என்று தோன்றியது. உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒரே ஒரு துணிதான் நனைந்ததாம். அழக்கூட அவளிடம் சத்தம் இல்லை. இனிமேல் அவளைக் குண்டு என்று கூப்பிடமாட்டேன், மாமா.

தராசு கட்டில்மேல் இருந்தது. பக்கத்தில் உங்களுக்கு அனுப்ப வேண்டிய தாள்கள், அழகான கையெழுத்தில், எல்லாம் ஏறுமுகமாக. மெத்தைக்கு அடியில் இன்னொரு தாள்கட்டு கிடைத்தது. அதில் உண்மையான எண்கள். ஒரு கட்டம்கூட விடவில்லை.

"நர்ஸம்மாகிட்ட ஏன் போகல?" என்றேன்.

"போனா அவங்க தராசுல வைப்பாங்க."

"வச்சா என்ன?"

"அது அவங்களுக்கும் தெரிஞ்சிரும்."

இங்கே நிறுத்தபோது 3,180. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதல் இரண்டு நாள் குழாய் வழியாகப் பால் போனது. நேற்று இங்கத்து நர்ஸ் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் குடிப்பதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு குழந்தையின் வாயில் விரலை விட்டுத் தூக்கிக் காட்டினார். நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது. "பால் இல்லாம இல்லம்மா. இவளால இழுக்க முடியல. இழுத்து இழுத்து அசந்து தூங்கிட்டா" என்றார். டாக்டர் அந்தத் தோலைக் கத்தரித்துவிட்டார். ஒரு நொடி வேலை. மூன்று மாதமாக யாரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. குழந்தை இழுக்காததால் இப்போது பாலும் குறைந்துவிட்டது. பாதி அம்மாவிடம், பாதி பால்மாவு என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. அவளே கேட்டாள்: "அப்பாதானே? எப்படிக் கண்டுபிடிச்சாரு?" நீங்களே எழுதிவிடுங்கள்.

வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிட வேண்டாம்.

மாப்பிள்ளை

*

ஏப்ரல் 12

மகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டாயாம். அந்தத் தராசு 3,170 காட்டாது. அவ்வளவுதான். உன் பொய்யைப் பிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே இருபது கிராமில் என் தவறு இரண்டு மாதமாகக் கண்முன்னால் கிடந்தது. அதை நான் பார்க்கவில்லை. ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது முப்பது கிராம், நாற்பது கிராம். இருபது இருபதாகத் தாவும் கருவியால் அதை அளக்கவே முடியாது. பூஜ்யம் என்று காட்டிய அன்று அவள் பதினைந்து கிராம் குடித்திருக்கலாம். நாற்பது என்று காட்டிய அன்றும் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது. விறகுக் கடைத் தராசில் மோதிரத்தை நிறுக்கும் நகைக்கடைக்காரரைப் பார்த்திருந்தால் அன்றே கடையைப் பூட்டி முத்திரை வைத்திருப்பேன். அந்த வேலையைத்தான் உன்னைச் செய்யச் சொன்னேன், நாளுக்கு எட்டுத் தடவை. விட்டுப்போன கட்டங்களுக்குக் கணக்கும் கேட்டேன்.

நீ இரண்டு முறை கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

நீயும் மெதுவாகத்தான் ஏறினாய். இரண்டாம் மாதம் நான் பயந்துபோனேன். தினமும் மாலையில் உன்னைத் துணியில் சுற்றி ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதனைத் தராசில் நிறுப்பேன். திரும்பி வந்ததும் வாசலில் நின்றபடியே எண்ணைச் சொல்வேன். உன் அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்வாள். ஏறியிருந்தால் ஒன்றும் பேசமாட்டாள். ஏறாவிட்டாலும் ஒன்றும் பேசமாட்டாள். ஒருநாள் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே கேட்டாள்: "இன்னிக்கு நான் எத்தனை கிராம்?"

குழந்தை என்று சொல்லவில்லை. நான் என்றாள்.

அதற்கும் எண்ணைத்தான் பதிலாகச் சொன்னேன். அடுத்த வாரம் அவளுக்குப் பால் நின்றுபோனது. நீ மாட்டுப் பாலில் வளர்ந்தாய். வீட்டிலிருந்த சமையல் தராசை அவள் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். கடைசிவரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டால் நான் செய்தது தவறென்று உறுதியாகிவிடும் என்று பயந்தேன். அவள் போன பிறகு கேட்க ஆள் இல்லை.

ஜனவரியில் தராசுக்குப் பதிலாக இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்க வேண்டும்.

அப்பா

*

மே 6

மகளுக்கு,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. நீங்கள் வீட்டுக்குத் திரும்பியதாக மாப்பிள்ளை அட்டை போட்டிருந்தார்.

இங்கே சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தை எடுத்துவிட்டேன். ஆணியைப் பிடுங்க வரவில்லை, நிற்கிறது. உனக்கு எழுதிய கடிதங்களின் நகல்களை எடுத்து வைத்துப் படித்தேன். நலமா என்று கேட்ட வரி முதலில் இருக்கிறது. அதற்குப் பிறகு முழுவதும் எடைதான். நீ தூங்குகிறாயா, யாராவது உனக்கு ஒரு வாய் சோறு போடுகிறார்களா, உன் முதுகு வலிக்கிறதா என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. இவ்வளவு படித்தவனுக்கு அது தோன்றவில்லை.

இப்போது கேட்கிறேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை.

அப்பா

*

ஜூன் 2

அப்பாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தை மூன்று வாரம் பிரிக்கவில்லை. உள்ளே எடை கேட்டிருப்பீர்கள் என்று அலமாரியில் போட்டு வைத்தேன். நேற்றுத்தான் பிரித்தேன். தூங்குகிறேன், துண்டு துண்டாக. சோறு இவர் வடிக்கிறார். கஞ்சியா சோறா என்று அவருக்கே தெரியாது. முதுகு வலிக்கிறது.

கோபம் போகவில்லை. அம்மாவின் கோபமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுமக்க நாளாகும். நீங்கள் இவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். அந்தப் பன்னிரண்டு நாளையும் நினைக்கிறேன். நான் ஒளித்த ஐந்து வாரத்தையும் நினைக்கிறேன். அதற்கு நான் யாரிடம் கோபப்படுவது?

எடையை எழுதப் போவதில்லை. அது நர்ஸம்மாவின் அட்டையில் இருக்கிறது. கோடு சோம்பேறித்தனமாக ஏறுகிறது. ஆனால் ஏறுகிறது. இவர் போன வாரம் மறுபடி குண்டு என்று வாய் தவறிக் கூப்பிட்டார். அவள் சிரித்தாள். அதனால் அந்தப் பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தராசைத் தையல்கார அக்காவிடம் கொடுத்துவிட்டேன், பொத்தான் நிறுக்க. "என்ன தராசு இது, இருபது இருபதாத் தாவுது! யாரு தலையில கட்டினாங்க உனக்கு?" என்று மேலே ஏறி வந்து திட்டினார். எங்க அப்பா என்றேன்.

நர்ஸம்மா எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். எண்ணைப் பார்க்காதே, விழுங்குகிற சத்தத்தைக் கேள் என்றார். மூச்சு விடுவது போல இருக்கும். கவனிக்காவிட்டால் கேட்காது. முதல் மூன்று மாதமும் அந்தச் சத்தமே இல்லாமல்தான் அவள் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை. நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் நேரில் வந்தாலும் அது உங்கள் காதில் விழாது. அதனால் இப்போது இடது கையில் அவளை வைத்துக்கொண்டு, வலது கையில் பென்சில் பிடித்திருக்கிறேன். ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஒரு கோடு. எண்ணாதீர்கள், அப்பா. சும்மா பாருங்கள்.

| | | | | | | | | | | | |
| | | | | |   | | | | | | | |
| | | | | /     | | | | |
| | |     | |        |

மகள்

*

ஜூன் 11

மகளுக்கு,

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் முதுகுக்கு ஒத்தடம் கொடு. மாப்பிள்ளையிடம் சொல், வெந்நீராவது அவருக்கு வைக்கத் தெரியும்.

கோடுகள் வந்து சேர்ந்தன. முதல் வரியில் பென்சில் அழுத்தமாக இருக்கிறது. மூன்றாம் வரியில் ஒரு கோடு சாய்ந்திருக்கிறது. அவள் உன் கையை உதைத்திருக்க வேண்டும். கடைசியில் இடைவெளி பெரிதாகிக்கொண்டே போகிறது. அங்கே தூங்கிவிட்டாள்.

எண்ண வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எண்ணிவிட்டேன். என்னால் முடியவில்லை.

எத்தனை என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

அப்பா